நூற்றுக்கு மூன்று

இரவு அஞ்சல் வண்டி இன்னும் வட்டகொடைக்கு வரவில்லை.
நாற்பது நிமிடம் இருக்கிறது.
நாற்பது நிமிடத்தில் ஒரு மலையைக் குடைந்துவிடலாம்.

கொட்டகலைக்குக் கீழே, மூங்கில் கேட்டுக்குப் பக்கத்தில்,
நாலு தகரம் சேர்த்த கூட்டுக்குள்
போனைப் பவர் பேங்கில் சொருகிவிட்டு
என் கம்பெனியைத் திறக்கிறேன்.
பெயர், பிலோமினா அண்ட் கோ.
பங்குதாரர் ஒருவர், அதுவும் நான்.
ஆண்டு ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று.
கையிருப்பு ஐந்து லட்சம், முழுக்கக் கடன்.
பிலோமினாவுக்கு இதெல்லாம் தெரியாது.
தெரிந்தால், அந்தக் காசில்
அடகுக்கடைச் சங்கிலியை மீட்கலாமே என்பாள்.

விரலால் இழுத்தால் தண்டவாளம் வருகிறது.
மலை குறுக்கிட்டால் ஒரு சிவப்பு எண்:
ஏற்றம் நூற்றுக்கு மூன்று.
அதற்கு மேல் போனால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்,
கரியைத் தின்னும், பிறகு கணக்கைத் தின்னும்.
வங்கியும் நூற்றுக்கு மூன்றுதான் கேட்கிறது.
மலையும் வங்கியும் ஒரே பாஷை பேசுவதை
இங்கேதான் கண்டுகொண்டேன்.

மூன்று தோட்டம். நானே பேர் வைத்தேன்.
மேற்கணக்கு, கீழ்க்கணக்கு,
ஒன்றும் தோன்றாமல் மூன்றாவதற்கு 'மூணு'.
தேயிலைப் பெட்டி துறைமுகம் சேர்ந்தால்
பச்சை எழுத்தில் பணம் மேலே மிதக்கும்,
மணிச் சத்தமும் உண்டு.
நான் சத்தத்தை அணைத்தே வைத்திருக்கிறேன்,
நிஜ வண்டியின் ஹோர்ன் காதில் விழவேண்டும்.

எதிர்க் கம்பெனிக்காரன் ஒரு தொப்பிக்காரன்.
படத்தில் மீசைக்குள் சிரிக்கிறான்.
என் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறான்.
தூங்குவதே இல்லை அவன்.
நானும்தான்.

போன வாரம் ஒரு வளைவை நேராக்கப் போனேன்.
எட்டு வீடு குறுக்கே நின்றது,
வரிசையாக, ஒரே கூரை.
ஒரு தட்டுத்தான்.
'ஊர் உங்கள்மேல் அதிருப்தி' என்றது திரை.
அடுத்த மாதமே ஊர் மறந்துபோனது.
திரையில் ஒரு மாதம் என்பது
நான் ஒரு பீடி குடிக்கிற நேரம்.
அன்றைக்கு இரண்டு குடித்தேன்.

இன்றைக்குப் பாதையை ரோட்டுக்குக் குறுக்கே போடுகிறேன்.
கடவை, நானூறு.
பராமரிப்பு, இல்லை.
இல்லையா?
பட்டியல் முழுக்கத் தேடினேன்.
டிரைவர் இருக்கிறார், கார்டு இருக்கிறார்,
ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சம்பளமும் தொப்பியும் உண்டு.
கேட்டுக்காரன் இல்லை.
மாட்டுவண்டி வருகிறது, ரயில் வருகிறது,
மாடு தானாகவே நிற்கிறது.
அந்த ஊர் மாட்டுக்கு நேர அட்டவணை தெரியும்.

சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஹோர்ன்.
வளைவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில்.
லாம்பை எடுத்தேனா, செருப்பை விட்டேனா, ஓடினேன்.
மூங்கில் ஈரத்தில் வழுக்கியது.
ரோட்டில் ஓர் ஆட்டோ முழு வேகத்தில்,
உள்ளே ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
"டிக்கோயாவுக்கு அண்ணே, தூக்குங்க, போயிருவேன்!"
தொண்டை வரை ஒரு சொல் வந்தது, சொல்லவில்லை.
மூங்கில்மேல் முழுப் பாரத்தையும் போட்டுப் படுத்தேன்.
வெளிச்சம் எங்கள் மூன்று பேரையும்
ஒரு தடவை வெள்ளையடித்துவிட்டுப் போனது.
ஏழு பெட்டி. கடைசிப் பெட்டியில்
யாரோ ஜன்னலைத் திறந்து எச்சில் துப்பினார்கள்.
கேட்டைத் தூக்கினேன். ஆட்டோ போய்விட்டது,
டிரைவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்தால், ஆட்டத்தை நிறுத்தாமல் ஓடியிருக்கிறேன்.
நாலு நிமிடம். அங்கே ஒன்றரை வருடம்.
மூணு தோட்டத்து வண்டி ஏற்றத்தில் நின்றுபோய்
பின்னால் வந்ததெல்லாம் வரிசையில் தேங்கி,
வட்டி ஏறி, பிலோமினா அண்ட் கோ
தொப்பிக்காரனுக்கு ஏலம் போயிருந்தது.
பரவாயில்லை.
சங்கிலியாவது கடையில் பத்திரமாக இருக்கிறது.

முழங்கை சிராய்த்திருக்கிறது.
எண்ணெய் வண்டி ஐந்து பத்துக்கு.
புதிய கம்பெனிக்குப் பெயர் கேட்கிறது திரை.
'கேட்டுக்காரன்' என்று தட்டினேன்.
எழுத்து கூடிவிட்டதாம்.