இன்னும் ஒரு சென்ட்

அல்பாக்ஸில் காலை ஏழு மணி.
எதிர்க்குன்றின் பாதாம் மரங்களுக்கு
வெயில் வருமுன்னே
என் கைப்பேசிக்கு வந்துவிடும் அந்த எண்:
ஒரு பவுண்டுக்கு எத்தனை யூரோ.
நான்காவது தசமம் வரை பார்ப்பேன்.
முப்பத்தோரு வருஷம் ஹல் நகரில் பஸ் ஓட்டியவன்;
கால அட்டவணைகூட என்னை
இப்படி விரட்டியதில்லை.

இந்த வீட்டை வாங்கிய வசந்தத்தில்
ஒன்று புள்ளி நான்கு ஏழு.
நோட்டரியின் மேஜையில்
என் கையெழுத்துக்குக் கீழே ஈனிட்
தன் பெயரை வட்ட வட்டமாக எழுதினாள்.
மதியம் கார்போனெராஸ் கரையில் இறால் தின்றோம்.
மீதிச் சில்லறையைத் தட்டிலேயே விட்டு எழுந்தோம்,
எண்ணாமல்.

பிறகொரு வியாழக்கிழமை எங்கள் நாடு வாக்களித்தது.
வெள்ளி விடிந்தபோது
வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது,
நாய் குரைத்த குரலில்தான் குரைத்தது,
ஓய்வூதியம் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக
மாற்றுக் குறைந்து போயிருந்தது.
தபாலில் நான் அனுப்பிய வாக்கு
எந்தப் பக்கம் விழுந்ததென்று ஈனிட்டுக்குத் தெரியும்.
அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை,
என்னிடம்கூட.

பிங்கோ நாட்களில் இப்போது
யாரும் வானிலை பேசுவதில்லை.
"நீ எவ்வளவுக்கு மாற்றினாய்?"
"ஒன்று பன்னிரண்டு."
"அவசரப்பட்டுவிட்டாய்."
மாற்றியவர்களும் மாற்றாதவர்களும்
ஒரே மாதிரி தலையை ஆட்டுகிறோம்.
ரட்கின் தம்பதி வீட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு
கிரிம்ஸ்பிக்கே திரும்பிப் போனார்கள்.
அவர்களுடைய நாய்தான் எங்களிடம் இருக்கிறது.
அதற்கு ஸ்பானிஷ் மட்டும்தான் புரியும்.

பிப்ரவரியில் ஈனிட்டின் கடைவாய்ப் பல்.
வலப்பக்கம், கீழே.
வேர் சிகிச்சை, மேலே ஒரு கவசம்,
அறுநூற்று நாற்பது யூரோ என்றார் டாக்டர்.
ஊர்க் கணக்கில் பணம் இருந்தது, பவுண்டில்.
"ஒன்று புள்ளி ஒன்று எட்டு வரட்டும், மாற்றிவிடலாம்.
அதுவரை கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்" என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.
அவள் சிரித்தாள்,
பாதி வாயால்.

ஒன்று பதினைந்து.
ஒன்று பதினாறு.
இரவில் அவள் எழுந்துபோய்
குளிர்சாதனப் பெட்டியின் முன் நிற்பது கேட்கும்.
பட்டாணிப் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.
நான் தூங்குவதுபோல் கிடப்பேன்.

மூன்றாவது வாரம், செவ்வாய்,
ஒன்று புள்ளி ஒன்று ஏழு ஒன்பது இரண்டு.
விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.
இன்னும் ஒரு சென்ட்கூட இல்லை, அதிலும் கொஞ்சம்.
மதியம் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன்.
நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது
லண்டனில் ஓர் அமைச்சர்
ஒலிபெருக்கி முன் ஏதோ சொன்னார்.
சாயங்காலம் ஒன்று பதினைந்து.

புதன்கிழமை அவள் தனியாக
ஒன்பதே கால் பஸ்ஸில் போனாள்.
திரும்பி வந்து
பிங்கோ டப்பாவின் மூடியைத் திறந்து
ஐந்து நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.
பிடுங்குவதற்கு நாற்பத்தைந்துதானாம்.
"ஈதி" என்றாள்.
பஞ்சு அடைத்த வாயில் உதடுகள் கூடவில்லை.
பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.
நான் நினைத்ததைவிடப் பெரிய பல்.

அன்று ராத்திரி பழைய மின்கட்டண உறையின் பின்புறம்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அவ்வளவு நாள் காத்திருந்து
நான் மிச்சப்படுத்த இருந்தது
பதினான்கு பவுண்டு.

பத்து நாள் கழிந்திருக்கும்.
ஏழு மணி. கை தானாகப் போயிற்று.
ஒன்று புள்ளி ஒன்று எட்டு மூன்று.
சமையலறையிலிருந்து கேட்டாள்:
"இன்றைக்கு எப்படி?"
"விழுந்துதான் கிடக்கிறது" என்றேன்.
நாணயத்தைப் பற்றி அவளிடம்
நாணயமில்லாமல் நான் பேசியது
அதுதான் முதல் தடவை.

"நல்லவேளை" என்றாள் ஈனிட்.
எங்கார்னா கடை ரொட்டியைக் காப்பியில் நனைத்து
இடப்பக்கம் ஒதுக்கி
நிதானமாக மென்றாள்.