பன்னெண்டு அடுகு

மேற்குச் சுவரிலிருந்து
நீட்டிக்கொண்டிருக்கின்றன நாலு கம்பிகள்.
பதினோரு வருஷத்துக்கு முன் விட்டது.
நாளைக்கு ஒரு ரூம் இழுக்க வேண்டாமா
என்று அப்போதைய மேஸ்திரி கேட்டதற்கு
யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறேன்.
நாளை வருவதற்குள்
ஒன்றில் பால் பை தொங்கியது,
ஒன்றில் பையனின் சைக்கிள் டியூப்.
மூன்றாவதில் வேதவல்லி கரித்துணி காயப்போடுவாள்.
நாலாவது, இருட்டில் போனால் நெற்றியில் இடிக்கும்.

நகரியிலிருந்து டிவிஎஸ்ஸில் வந்த சுப்பராயுடு
துருவைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தார்.
மூணு நிக்கும், ஒண்ணு போயிந்தி.
எது என்றேன்.
அதேதான்.

டேப்பின் ஒரு நுனி என் கையில்.
மறு நுனியோடு பின்னாலேயே நடந்து
முருங்கையில் முட்டி நின்றார்.
பத்துக்குப் பன்னெண்டு.
அவர் வாயில் பதி அடுகு, பன்னெண்டு அடுகு.
பள்ளிப்பட்டில் பிறந்தவனுக்கு இவ்வளவு தெலுங்கு போதும்:
பத்து கொஞ்சம் தேய்ந்து பதி ஆகும்,
பன்னெண்டு பன்னெண்டாகவே எல்லை தாண்டும்.

பிறகு கணக்கு.
செங்கல் இந்தப் பக்கம், மணல் அந்தப் பக்கம்.
பில்லோடு வந்தால் ஒரு விலை,
ராத்திரி வந்தால் ஒரு விலை.
செப்டிக் டேங்க் மூடிமேல் சுவர் ஏறக் கூடாது,
ஒரு முழம் தள்ளணும்.
தள்ளினால் முருங்கை போகும்.
போகட்டும், கம்பளிப்பூச்சி மிச்சம்
என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.
சொசைட்டிக் கடன், பஞ்சாயத்துச் சீட்டு,
ஐப்பசி மழைக்கு முன் பெல்ட் போட்டுவிட முடியுமா.
பழைய கரண்ட் பில்லின் பின்பக்கம் நிரம்பிவிட்டது.

சுண்ணாம்புப் பொடியைக் கையில் அள்ளியவர்
நின்று, யாருக்கு இந்த ரூம் என்றார்.
அக்காவுக்கு.
புத்தூர் மில்லில் இருபத்தாறு வருஷம் கோன் மாற்றியவள்.
மாமா போனபின்
யாரோ வீட்டு மாடிப்படிக்கு அடியில் குடியிருப்பவள்.
ஆவிடனி அடிகாரா?
அவர் மொழியில் அடியும் அடுகு,
கேள் என்பதும் அடுகு.
காலையிலிருந்து எத்தனை அடுகு, எத்தனை அடுகு என்று
கத்திக்கொண்டிருந்தோம் இரண்டு பேரும்.
ஒருத்தரும் அடுகவில்லை.

சந்தோஷப்படுவாள் என்று
ஸ்பீக்கரில் வேறு போட்டேன்.
கதவு எந்தப் பக்கம், என்றாள் நாகரத்தினம் அக்கா.
நம்ம ஹாலுக்குள்ளதான்.
கொஞ்ச நேரம்
எதிர்வீட்டுத் தறி மட்டும் பேசியது.
தெருவுக்கு ஒரு கதவு வைக்கச் சொல்லு.
தனி மீட்டர்.
பாதிப் பணம் நான் தரேன், பி.எஃப். வந்திருக்கு.
ரெண்டு மணிக்குத் தூக்கம் கலைஞ்சு எழுந்தா
யார் ஹாலையும் மிதிக்காம
நான் வெளியே வந்து நிக்கணும்டா.

டம்ளரைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள் வேதவல்லி.
ஒதுக்கி வெச்சுட்டோம்னு ஊர் சொல்லும்.
சொல்லட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
சொல்லாது என்று சொல்லவும்.
மூணரை அடி இடம் விட்டு
கோட்டை முடித்தார் சுப்பராயுடு.
முன்பணம் வாங்கி மடியில் செருகி
வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்.

வெறும் தரையில் வெள்ளைக் கோட்டு ரூம்.
எங்கே வேண்டுமானாலும் தாண்டலாம்.
பையன் சைக்கிளை வளைத்து வளைத்து
விட்ட இடத்தில் மட்டும் நுழைகிறான்,
வெளியே போகிறான், நுழைகிறான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு
வேதவல்லி சமையலறைச் சுவரைத் தட்டிக் காட்டினாள்.
இங்க ஒரு சின்ன ஜன்னல்.
குழம்புக் கிண்ணம் போற அளவு.
யோசித்து,
தாழ்ப்பாள் அவங்க பக்கமே இருக்கட்டும்.

நல்ல யோசனைதான்.
அதையும் கேட்டுவிடலாம் என்று
சிக்னலுக்காகப் பின்பக்கம் போனேன்,
போனைப் பார்த்துக்கொண்டே.
நாலாவது கம்பி
நங்கென்று நெற்றியில்.