இரண்டு முழம்

எனக்குக் கால் இரண்டு, தழும்பு ஆறு.
மீட்டர் படிக்கிறவனுக்குச்
சம்பளச் சீட்டில் ஏறாத படி அது.

சுங்கை செராய் தாமானில்
வீட்டுக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு குரைப்பு.
நாய் ஜாக்கிரதை என்று மூன்று மொழியில் பலகை.
நாய்க்கு எந்த மொழியில் எழுதி வைத்தார்களோ,
மனிதர் ஜாக்கிரதை என்று.

வெள்ளிக்கிழமை இரவு மண்டபத்தில் கூட்டம்.
எட்டாம் லோரோங் யஷ்மிதாவுக்குக்
கன்னத்தில் பதினொரு தையல்.
கடித்தது ரோட்வைலர்.
அந்தச் சாதியே இங்கே கூடாது என்றார்
மைக்கைப் பிடித்திருந்த மரியதாஸ்.
பின்வரிசையில் இரண்டு பேர் நெளிந்தார்கள்.
உடனே, அந்த இனம் என்று திருத்தினார்.
இந்த நாட்டில் அது இன்னும் மோசம்.
கடைசியில், அந்த மாதிரி நாய் என்று முடித்தார்.

"நீங்கதான் ஆறு கடி வாங்கினவரு, சொல்லுங்க."

எழுந்தேன்.
முதல் கடி பேக்கரிக்காரர் லீயின் பொமரேனியன்,
மணிபர்சுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும்.
ரெண்டாவது, குட்டி போட்ட பெட்டை.
தப்பு என் செருப்பின்மேல்.
மூணும் நாலும் ஒரே நாய், ஒரே சங்கிலி.
சங்கிலி இரண்டு முழம்,
தண்ணிச் சட்டி மூணாவது முழத்தில்.
அஞ்சாவது, நான் ஓடினேன்.
ஓடாமல் இருந்திருந்தால் அது கடிக்காமல் இருந்திருக்கும்.
ஆறாவது என் வீட்டு நாய்.
அது மண்டபத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

முன்வரிசையில் ரேணுகா திரும்பிப் பார்த்தாள்.
மடியில் பிள்ளை, கன்னத்தில் வெள்ளைப் பஞ்சு,
வாயோரத்தில் ஸ்ட்ரா வைத்து
மைலோ குடித்துக்கொண்டிருந்தது.
"உங்களுக்குக் காலுண்ணே. இவளுக்கு மூஞ்சி."

அதற்கப்புறம் யாரும் சங்கிலியைப் பற்றிப் பேசவில்லை.
கை தூக்கச் சொன்னார்கள்.
என் கையும் மேலே இருந்தது.
எப்போது போனது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பதினாலாம் நம்பர்.
அதே சங்கிலி, வேறு நாய்.
பழுப்பு, ஒரு காது கிழிந்தது,
எந்தச் சட்டமும் பெயர் வைத்துத் தேடாத முகம்.
பக்கவாட்டில் நின்றேன்.
கண்ணைப் பார்க்கவில்லை.
பையை முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.
இருபது வருடத்தில் படித்தது இவ்வளவுதான்.
குடையை நீட்டி
சட்டியை ஒரு முழம் உள்ளே தள்ளினேன்.

குடித்தது.
குடித்துக்கொண்டே உறுமியது.
ஏழு மூணு ஒண்ணு எட்டு என்று
எண்ணை எழுதிக்கொண்டு
பில்லைக் கேட்டில் செருகினேன்.

வீட்டுக்காரர் சன்னல் வழியாகக் கத்தினார்:
"பயப்படாதீங்க, இது நல்ல சாதி!"