இடது பக்கம் ஒருக்களித்து

"கறுப்பாப் போச்சா? தார் மாதிரி?"
டாக்டருக்கு என் மூத்த மகள் வயதிருக்கும்.
எண்ணூரில் கறுக்காதது எது என்று யோசித்தேன்.
கொடியில் போட்ட பனியன், ஜன்னல் கம்பி,
மூக்கைச் சிந்திய கைக்குட்டை,
கழிமுகத்துச் சேறு,
நிலக்கரி இறங்கும் நாளில்
மூடாமல் வைத்த தயிர்கூட.
இதில் இதை மட்டும் தனியாக எப்படிப் பார்ப்பது,
துறைமுக வரிசையில் டிரெய்லரை விட்டுவிட்டு
விடியுமுன் கருவேலம் புதரில்
இருட்டோடு குந்தி எழுகிறவன்?

"போச்சும்மா."
"எப்பலேர்ந்து?"
"கேட்ல மூணு நாள் நின்னோமே, அதுக்கு முன்னாடி."
அவளுக்குத் தேதி வேண்டும்.
என்னிடம் வரிசை எண்தான் இருந்தது.

முதுகு வலிக்கு நான் தினம் ரெண்டு மாத்திரை போடுவதை
கேட்காமலே கண்டுபிடித்துவிட்டாள்.

ஸ்டான்லி வராந்தா பெஞ்சு முழுக்க
ராத்திரி பத்து மணிக்கே பூட்டிய வயிறுகள்.
பக்கத்தில் கொருக்குப்பேட்டை பல்கீஸ்.
அவளுக்குக் கீழ்வழியாகப் பார்க்க வேண்டுமாம்,
ரெண்டு லிட்டர் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு
தெருக்கோடி கார்ப்பரேஷன் கழிப்பறைக்கு
பதினோரு நடை.
"வாட்ச்மேன் நல்லவரு, பூட்டாமலே வெச்சிட்டாரு"
என்றாள். சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தாள்.
அதற்கு அந்தப் பக்கம் கண் மஞ்சளான ஒருவர்
யாரிடமும் பேசவில்லை.

"தேசப்பன்!"
தொண்டையில் மருந்து பீய்ச்சினார்கள்.
வாழைப்பழ வாசனை.
அப்புறம் நாக்கு என்னுடையதாக இல்லை.
இடது பக்கம் ஒருக்களி, காலை மடக்கு,
வளையத்தைக் கடி, எச்சிலை விழுங்காதே, வழியவிடு.

நாற்பதடி டிரெய்லரை
கண்ணாடி பார்த்து ரிவர்ஸில் சந்துக்குள் செருகுகிறவன்,
என் சந்துக்குள் விளக்கு போட்டுக்கொண்டு
ஒரு வண்டி நுழைந்தபோது
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கன்றுக்குட்டி மாதிரி கத்தினேன்.
கத்தலும் வரவில்லை, காற்றுதான் வந்தது.
"மூக்குல மூச்சு விடுங்க. வேணும்னா டிவிய பாருங்க."
பியூலா சிஸ்டர் கை என் தோளில் இருந்தது.

பார்த்தேன்.
ரோஸ் நிறம். ஈரம். மடிப்பு மடிப்பாய்.
ஒரு பொட்டுக் கரி இல்லை.
நாற்பத்தேழு வருஷம் இந்த ஊர்க் காற்றைத் தின்ற பிறகும்
புகை போகாத ஓர் இடம்
எனக்குள்ளேயே இருந்திருக்கிறது.

வளைவு தாண்டியதும் பள்ளம்.
ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து.
மழை விட்ட மறுநாள்
மணலி ரோட்டில் நான் ஒதுக்கி ஓட்டுவேனே, அதே சைஸ்.
இதை ஒதுக்காமல்
தினமும் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

நொய்யரிசி அளவு சதை கிள்ளி
மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள்.
ரோஸானால் கிருமி.
வாயைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.
சிஸ்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள்
ஓரத்தில் கசிய ஆரம்பித்தது.

"சாப்பிட்டா வலி குறையுமா?"
தலையாட்டினேன்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புமா?"
எழுப்பும்.
பசி என்று நான் கோமளாவை எழுப்புவேன்.
"நீ போட்ட சோறு ரெண்டு மணி வரைக்கும்கூட
தாங்கல பாரு" என்பேன்.
அவள் பேசாமல் அடுப்பைப் பற்றவைப்பாள்.
ஆறு வருஷம்.
"அது பசி இல்லீங்க" என்றார் டாக்டர்.

ரெண்டு வாரத்துக்கு மாத்திரைப் பொட்டலம்.
முதுகுக்குப் போட்டதை நிறுத்தணும்.
தொண்டை மரப்பு போகும்வரை
தண்ணீர்கூட வேண்டாம்.

வாசலில் டீக்கடை.
போனில் புரோக்கர்:
வரிசை நகருது, எங்கேய்யா இருக்க?
பதில் சொன்னால் குழறும்.
எடுக்கவில்லை.

மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.
வயிற்றில் மெல்ல ஏதோ புரண்டது.
கையை வைத்துப் பார்த்தேன்.
இது அதுவா,
இல்லை நிஜமாகவே பசியா.
கொஞ்ச நேரம் பொறுத்தால் தெரிந்துவிடும்.
தெரிந்தபின் கோமளாவுக்குப் போன் போட வேண்டும்.