மீன்முள் ஏற்றம்

ஹம்ரியா துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் குளிர்க்கிடங்கில்
ஆகஸ்டு மாதமும் மைனஸ் பதினெட்டுதான்.
வெளியே நாற்பத்தாறு.
கதவைத் தாண்டி வெளியே வந்தால் கண்ணாடியில் புகை,
உள்ளே போனால் மூக்குமயிரில் முள்.

அங்கேதான் வந்தான் ஹுமைத்.
மேனேஜர் சக்கரியா சொன்னார்:
"முதலாளியோட தங்கச்சி மகன்.
பனியில ஓடப் போறானாம், குளிர் பழகணுமாம்.
நாலாம் சந்தைக் காலி பண்ணுங்க."

கணவாய்ப் பெட்டிகளுக்கும் பிரேசில் கோழிக்கும் நடுவே
இருபத்தைந்து தப்படி.
போவான், திரும்புவான், மறுபடி போவான்.
காலில் பலகை இல்லை. கையில் இரண்டு கம்புகள் மட்டும்
சிமெண்டில் டக், டக்.
இடது தோள் கொஞ்சம் தாழும்,
ஒரு டயரில் காற்றிறங்கிய ஃபோர்க்லிஃப்ட் போல.
சிரித்தோம்.
அதிகம் சிரித்தவன் லோக் பகதூர்,
பனியிலிருந்து தப்பித்து இங்கே வந்தவன்.
"எங்க ஊர்ல இதுக்குப் பேரு ஓட்டம் இல்ல" என்றான்,
"விறகுக்குப் போறது."

ஒருநாள் பலகைகளைக் கொண்டுவந்து காட்டினான்.
என் உயரத்துக்கு மேல் ஒரு முழம்.
அடியில், பாதம் அழுத்தும் இடத்தில் மட்டும் நீல மெழுகு.
மிதித்தால் பிடிக்க வேண்டும், விட்டால் வழுக்க வேண்டும்.
கூடினால் நகராது,
குறைந்தால் ஏற்றத்தில் பின்னால் இழுத்துவிடும்.
அரபியும் இந்தியுமாய் அவன் சொல்லச் சொல்ல
"விசா மாதிரியா?" என்றான் ரெமிஜியுஸ் தமிழில்.
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை ஷிப்டு.
ரெமிஜியுஸின் போனைத் தராசுமேல் சாய்த்து வைத்தோம்.
உலகப் போட்டி, ஆண்கள், பத்து கிலோமீட்டர், கிளாசிக்.
அரை நிமிஷத்துக்கு ஒருவனாய் அவிழ்த்துவிடுகிறார்கள்.
பனியில் முன்கூட்டியே கீறிய இரண்டு வாய்க்கால்,
அதற்குள்ளேயே கால்கள் போக வேண்டும்,
அகட்டி உதைத்தால் ஆட்டம் போச்சு.
திரையின் மூலையில் எழுதியிருந்தது:
மைனஸ் பதினெட்டு.
"நம்ம ரூம்" என்றான் ரெமிஜியுஸ்.

பிறகு ஏற்றம் வந்தது.
வாய்க்கால் அங்கே முடிந்துபோகிறது.
நுனியை விரித்து, குதிகாலை நெருக்கி,
ஒவ்வொருவனும் வலதில் ஒன்று இடதில் ஒன்றாய்
குன்றின் முதுகில் முள் நட்டுக்கொண்டு போகிறான்.
மேலிருந்து காட்டினார்கள்:
சாப்பிட்டு முடித்த தட்டில் நீளமாய் ஒரு பாரை.
"டேய், மீனு" என்று கத்திவிட்டேன்.
பதினோரு வருஷம் மீன்பெட்டி தூக்கியவன்
வேறென்னத்தைப் பார்ப்பான்?

முதலில் வந்தவன் கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்தான்,
தாடியில் எச்சில் உறைந்து.
ஹுமைத்தைக் காட்டவேயில்லை.
நூற்றி நாலாம் எண்.
அடியில் ஓடிய பட்டியலில்
அவன் பெயர் வருவதற்குள் விளம்பரம்.
வெளியே கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது.
சக்கரியா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
கையுறையை மாட்டிக்கொண்டோம்.

ஜெயித்தவன் மைக் முன்னால் பேசிக்கொண்டிருந்தான்.
அவன் காதுக்கும் பின்னாலிருந்த பேனருக்கும் இடையே,
அதே ஏற்றத்தில், ஒரு புள்ளி.
நகர்கிறதா என்றே தெரியவில்லை.
லோக் பகதூர் தராசு வரை குனிந்தான்.
மூச்சுப்பட்டு அதில் எண்கள் ஆடின.
"இடது தோள்" என்றான்.

மூன்று நொடி இருக்கும். படம் மாறிவிட்டது.
"விறகு ஜாஸ்தி" என்றான், சிரிக்காமல்.
போய்க் கதவைத் திறந்தோம்.
இருபத்திரண்டு டன் மத்தி.

எத்தனையாவதாய் வந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.
மார்ச்சில் ஒரு பெட்டி பேரீச்சை அனுப்பினான்,
சீட்டு ஒன்றும் இல்லை.
நாலாம் சந்தின் தரையில்
கம்பு குத்திய பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன.
ஃபோர்க்லிஃப்டில் போனால் தெரியாது.
கைவண்டி தள்ளினால்
டக், டக்.