அணைந்ததும் விரலை எடு

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தான்.
எப்போதுதான் போடாமல் இருந்தான்?
நின்ற பஸ்ஸுக்குள் வெள்ளரிப்பிஞ்சு ஏறியது,
வேர்க்கடலை ஏறியது,
கழுத்தில் ரிமோட்டுகளை மாலையாகப் போட்டுக்கொண்டு
ஒருவன் ஏறினான்.
எல்லா டிவிக்கும் எல்லா பாக்ஸுக்கும் ஒண்ணே, நூத்தம்பது.
நெல்மூட்டை ஏற்றிய கூட்ஸ் நகர்ந்து முடிவதற்குள்
நூற்றிருபதுக்குப் படிந்தது.

கூத்தாநல்லூரில் நம் ஷோகேஸில்
உங்கள் லீவுகள்தான் வரிசையாக இருக்கின்றன, மச்சான்.
முதல் லீவு, டிவிடி.
இரண்டாவதில் சாமான் இல்லை, ஃபஹ்மிதா வந்தாள்.
மூன்றாவது, ஹோம் தியேட்டர்:
இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு,
துவைத்த துணியை அதன்மேல்தான் மடித்து வைக்கிறேன்.
நாலாவதுக்கு நீங்கள் வரவே இல்லை.
ஐந்தாவது, டிவி.
கேபிள் பாக்ஸ் மட்டும் உள்ளூர்ச் சரக்கு.
ஆளுக்கொரு ரிமோட்.
ஒருத்தர் சொல்வது மற்றவர் காதில் ஏறாது,
உங்கள் அண்ணன் தம்பிகள் மாதிரி.

ரிமோட்டோடு ஒரு தாள் தந்தான்.
கடுகெழுத்தில் கம்பெனிப் பெயர்கள்,
பெயருக்கு எதிரே மூன்று மூன்று எண்கள்.
டிவி ஏழாவது எண்ணில் பணிந்தது.
பாக்ஸும் டிவிடியும் கொஞ்சம் முரண்டின, பிறகு வந்தன.
ஹோம் தியேட்டரின் பெயர் தாளில் இல்லை.

பெயர் இல்லாதவர்களுக்கு அடியில் ஒரு வழி போட்டிருந்தது.
செட்டை அழுத்திப் பிடி, சிவப்பு எரியும்.
சாமானுக்கு நேரே நீட்டிக்கொண்டிரு.
தனக்குத் தெரிந்த பாஷையிலெல்லாம்
அணை, அணை, அணை என்று
ரிமோட் சொல்லிப் பார்க்கும்.
எதற்கு அணைகிறதோ அதுதான் அதன் பாஷை.
அணைந்ததும் விரலை எடு.

அந்தச் சொல்லுக்கு நம்மிடம் மூன்று பொருள்.
ஒன்று மேட்டூரில் இருக்கிறது.
ஒன்று சுவிட்சில்.
மூன்றாவதை வீடியோ காலில் சொல்ல முடியாது,
பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள்.

அரைமணி நேரம் நீட்டினேன். கை கடுத்தது.
ஜன்னல் வழியே எதிர்வீட்டு சீரியல் பொசுக்கென்று அணைந்தது.
ஃபேன் சுற்றுகிறது, கரண்டு இருக்கே என்று
ராவியத்து லாத்தா குழம்புவது கேட்டது.
நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

நீ சரியா அமுக்கலை என்றீர்கள்.
புரூணையில் நள்ளிரவு, இங்கே ஒன்பதரை.
ரிமோட் மூக்கைப் போனுக்குக் காட்டு என்றீர்கள்.
காட்டினேன்.
எனக்கு அது ஒரு செத்த கண்ணாடிக் குமிழ்.
எரியுது புள்ள,
ஊதாவா மினுக்கு மினுக்குன்னு எரியுது.

என் கையில் இருந்த வெளிச்சம்
கடலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.
திரை மூலையில், நம்ம கட்டத்திலும் தெரிந்ததாம்.
ஃபஹ்மிதா சொன்னாள்.
நான் அங்கே பார்க்கவில்லை,
உங்கள் முகத்தில் நரை எதுவரை வந்திருக்கிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது அணைந்தது. விரலை எடுத்தேன்.
மறுபடி போட்டதும்
ஷோகேஸ் கண்ணாடி அதிர, மடித்த துணி சரிய,
வெண்ணாற்றங்கரை நாய்கள் குரைக்க
ஒரு செய்திக்காரர் கத்தினார்:
டெல்டாவில் கனமழை.

என்ன சத்தம் அது?
உங்க சத்தம்தான்.
முப்பத்தெட்டு. போன லீவின் கடைசி ராத்திரி
நீங்கள் வைத்துவிட்டுப் போன எண்.
அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

முப்பது. இருபத்தொன்று. பதினாறு.
பன்னிரண்டில் நிறுத்தினேன்.
இந்த வீடு பேசுகிற அளவு அது.

இன்னொன்று, மச்சான்.
இந்த ரிமோட்டில் நாலு சாமானுக்குத்தான் இடம்.
நாலும் நிறைந்துவிட்டது.
அடுத்த தடவை கையை வீசிக்கொண்டு வாருங்கள்.