இருபத்திரண்டு பின்

மூன்றாம் நாள் காலையும்
மிஸ்ஸி நோர்ஹயாத்தி திரையை ஒதுக்கிக்கொண்டு வந்து
அதையேதான் கேட்டாள்.
சூடா கெந்துத், காக்?
காற்று பிரிந்ததா என்று கேட்க
மலாயில் எவ்வளவு சின்னச் சொற்கள்.
கட்டிய புருஷன் இருபத்து நாலு வருஷமாய்
கேட்கத் துணியாத கேள்வி,
வார்டு முழுக்கக் காது வைத்திருக்க.

இல்லை என்றேன்.
அட்டையில் ஏதோ எழுதினாள்.
இல்லை என்பதை எழுத அவ்வளவு நேரமா ஆகும்?

காற்று பிரியும்வரை கஞ்சி கிடையாது.
உதட்டுக்கு ஈரப் பஞ்சு மட்டும்.
எதிர்க் கட்டிலில், பித்தப்பை எடுத்த மேடம் கூய்
மைலோவில் பிஸ்கட்டை நனைக்கிறாள்.
தீபாராதனை பார்ப்பதுபோல் பார்த்துக் கிடக்கிறேன்.
பாதி ஒடிந்து உள்ளே விழுந்தது.
ஐயோ என்றது நான்தான், அவள் இல்லை.

சன்னலில் கொடிமலை.
மேகம் அதன் இடுப்பில் ஒரு கட்டுப் போட்டிருந்தது.

ஒரு சாண் வயிற்றுக்குத்தான் இத்தனை பாடு என்பார்கள்.
எனக்கு அந்த ஒரு சாணைத்தான்
வெட்டி எடுத்து, புட்டியில் போட்டு,
பேர் ஒட்டி, எங்கேயோ அனுப்பியிருக்கிறார்கள்.

இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைக்கவேண்டும்.
தும்மலுக்கும் அப்படியே.
சிரிப்புக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.
அன்று ராத்திரி மூன்று மணி இருக்கும்.
தூக்கத்தில் மேடம் கூய் விட்டாள் பாருங்கள்,
ஃபெர்ரி கரை சேரும்போது ஊதுமே அப்படி.
முதலில் சன்னலோரக் கட்டில் சிரித்தது.
பிறகு கதவோரம்.
தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
கண்ணீர் வழிய வழிய நான் சிரித்த சிரிப்பில்,
பக்கத்து வீட்டில் யாரோ கதவை மெல்லச் சாத்தியதுபோல்
எனக்கும் ஒன்று.

மணியை அழுத்தினேன்.
செருப்புச் சத்தத்தோடு ஓடி வந்தாள் நோர்ஹயாத்தி.
சூடா, என்றேன்.
அல்ஹம்துலில்லா என்றாள்.
நானும் சொன்னேன்.

ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில்
லிஃப்ட் எட்டில் நிற்கும். எங்கள் வீடு ஒன்பது.
பதினேழு படி.
தனபாலன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார்,
திரும்பி இறங்கினார்,
எனக்குக் கீழே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டார்,
நான் என்னமோ சரியப்போகும் அலமாரி மாதிரி.
பதினோராம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
அவரும் உட்கார்ந்தார்.
பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி
எங்களைத் தாண்டிக் குதித்துப் போனாள், இரண்டிரண்டு படியாக.

விரால் சூப் குடித்தால் தையல் சீக்கிரம் கூடுமாம்.
ஃபேக்டரி பஸ்ஸில் வரும் அத்தனை பெண்களும்
அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
சந்தையிலிருந்து உயிரோடு இரண்டு வாங்கி வந்தார்.
அடுப்படியில் ஒரு துள்ளல், தட்டு விழும் ஓசை,
அப்புறம் அவர் குரல், தணிந்து:
மன்னிச்சுக்கடா.
தலையணை எங்கே, தலையணை எங்கே.

குளிக்குமுன் கண்ணாடியில் பார்த்தேன்.
பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருஷம்
லென்ஸுக்குக் கீழே ஈயப் பற்று பார்த்த கண் இது.
தொப்புளுக்கு மேலே தொடங்கி
அதை இடப்பக்கம் சுற்றிக்கொண்டு
கீழே இறங்கும் இருபத்திரண்டு பின்.
ஏழாவது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
வேலையிடமாக இருந்தால்
சிவப்பு அம்பு ஒட்டித் தனியே வைத்திருப்பேன்.
அடித்தவர் அந்தச் சின்ன டாக்டராகத்தான் இருக்கும்,
கண்ணுக்குக் கீழே இரண்டு ராத்திரி கருத்துக் கிடந்தவர்.
போகட்டும்.
பாஸ்.

செவ்வாய்க்கிழமை பின் எடுக்கிறார்கள்.
ரிப்போர்ட்டும் அன்றைக்குத்தான்.
பின்னைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்,
வலிக்குமா, எறும்புக் கடி மாதிரியா, என்று.

இரண்டாவது விராலை வெட்ட அவருக்குக் கை வரவில்லை.
செவ்வாய் கழியட்டும் என்கிறார்.
குளியலறை வாளியில், மேலே பலகை, பலகை மேல் கல்.
மருந்து நேரத்துக்கு விழிப்பு வந்தால் கேட்கும்,
வாளிக்குள் அது ஒருமுறை திரும்பிப் படுப்பது.